கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்

ஊட்டி மலைச்சாலை தொடங்கும் மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கிளட்ச் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம்தான். கல்லாறு, பர்லியாறு தாண்டிக் குன்னூர் போய்ச் சேரும்போது 1,800 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். அந்த ஏற்றம் முழுவதையும் கொண்டை ஊசி வளைவுகளில், திணறி ஏறும் லாரிக்குப் பின்னால், கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஆஃப் கிளட்சிலேயே ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பிளேட் தேயாமல் என்ன செய்யும்?

ஆனால் ‘கிளட்ச் போய்விட்டது’ என்று வந்து நிற்கும் பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் பிளேட் போயிருப்பதில்லை. கேபிள் நீண்டிருக்கும், பெடல் பிளே மாறியிருக்கும், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். இதைப் பார்க்காமல் நேராகக் கியர்பாக்ஸை இறக்கிப் புது செட் போட்டு அனுப்பினால் வண்டிக்காரருக்கு ஆயிரக்கணக்கில் வீண் செலவு. பல நேரங்களில் பழைய கோளாறும் அப்படியே இருக்கும். பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். அவர்களிடம் இப்படிப் பணம் பிடுங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் வண்டிக்காரரே வீட்டு வாசலில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை முதலில் சொல்கிறேன். பிரிக்கிற வேலை அதற்குப் பிறகு.

உதாரணத்துக்கு மாருதி 800ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இந்த வண்டி எங்கள் பக்கம் இன்றும் தினமும் மலை ஏறி இறங்குகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கேபிள் கிளட்ச். அமைப்பு எளிமையானது என்பதால் இதில் கற்றுக்கொண்டால் மற்ற வண்டிகளுக்கும் கை பழகிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் கேபிள் லீவரை இழுக்கும். லீவர் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும். பிடி விட்டு பிளேட் தனியாகும். கோளாறுகளும் இதையொட்டி நான்கு வகை. பிடிக்க வேண்டிய நேரத்தில் நழுவும். விட வேண்டிய நேரத்தில் விடாது. சத்தம் போடும். உதறும். உங்கள் வண்டி இந்த நான்கில் எதைச் செய்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடவே கூடாது.

பெடல் பிளே

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து, தரையில் குந்தி, கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். காலுக்கு இந்த நுட்பம் தெரியாது. முதலில் சற்றுத் தூரம் பெடல் தடையில்லாமல் லேசாக இறங்கும். பிறகு கைக்கு எதிராக ஒரு கனம் தட்டுப்படும். அந்த லேசான தூரம்தான் பிளே. பெடல் நுனியில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் இருக்கலாம். உங்கள் மாடலுக்கான சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பிளே அறவே இல்லையென்றால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பிடி முழுதாக விழாது, பிளேட் நழுவும், பேரிங்கும் ஓய்வில்லாமல் சுற்றித் தேயும். பிளே அதிகமானால் நேர்மாறு: பெடலைத் தரைவரை மிதித்தாலும் பிளேட் முழுதாக விடுபடாது, கியர் விழாது.

இன்னொரு விஷயத்தை வண்டிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிளட்ச் பிளேட் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாக நகர்ந்து வரும்; அதனால் பிளே குறையும். கேபிள் நீண்டால் பிளே கூடும். மாதம் ஒருமுறை பெடலைக் கையால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் இருந்தால், உள்ளே தேய்வது எது என்று கியர்பாக்ஸைத் திறக்காமலே சொல்லிவிடலாம். குறைந்துகொண்டே வந்தால் பிளேட், கூடிக்கொண்டே போனால் கேபிள்.

சரிசெய்வது சுலபம். கியர்பாக்ஸ் பக்கம், கேபிளின் மரையுள்ள முனை கிளட்ச் லீவரில் கோத்திருக்கும். அங்கே நட் இருக்கும். நட்டைத் திருப்பும்போது கேபிளும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாமல் அதன் முனையைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் பிளே குறையும், தளர்த்தினால் கூடும். பெடலைச் சில தடவை முழுதாக மிதித்துவிட்டு மறுபடி அளந்து பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். மரையில் இடமே மிச்சமில்லாமல் நட் கடைசிவரை போய்விட்டதென்றால் கேபிளின் ஆயுள் முடிந்தது. ஒருவேளை நட் முழுதும் தளர்ந்த நிலையில் இருந்தும் பிளே வரவில்லையென்றால் பிளேட் மெலிந்துவிட்டது.

கேபிளை டார்ச் அடித்துப் பாருங்கள். பெடலின் மேல்முனையில் கேபிள் கொக்கி மாட்டியிருக்கும் இடம் இருட்டு மூலை. தலையை உள்ளே விட்டால்தான் தெரியும். கம்பி இழைகள் முதலில் பிரிவது பெரும்பாலும் அங்கேதான். விரலால் தடவினால் ஊசிபோல் குத்தும். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி உட்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது பிடித்தால் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. பெடல் கல்லாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிறவர்களின் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். புதுக் கேபிள் போடும்போது பழையது போன பாதையிலேயே, சைலென்ஸர் குழாயின் சூடு படாமல், கூர்மையாக வளையாமல் போட வேண்டும்.

நழுவலா, இழுவைக் குறைவா?

இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அதிகப் பணம் வீணாகிறது. கிளட்ச் நழுவினால், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் சர்ரென்று ஏறும். ஸ்பீடாமீட்டர் முள் ஏறாது. கருகிய வாசனையும் வரும். இன்ஜின் சத்தமும் ஏறவில்லை, வண்டியும் ஏறவில்லை என்றால் கிளட்சைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினில் பலம் இல்லை, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை இழுவையே இல்லை என்று வண்டியைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் கிளட்ச் செட் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளிப் பார்த்தேன், வண்டி நகரவில்லை. பின்சக்கர டிரம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிரேக் ஷூ திரும்பாமல் சிக்கியிருந்தது. அன்று மாலையே பழைய கிளட்சோடு ஊர் ஏறிவிட்டார்.

நழுவலைச் சமதளத்தில் நின்றபடியே உறுதிசெய்யலாம். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இருக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கிலும் கால் வைத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். பிடி நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே முக்கி அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கையும், அதாவது பிளேட்டில் உராய்ந்து பிடிக்கும் பட்டையையும், நீங்களே எரித்துவிடுவீர்கள்.

நழுவுகிறது, பிளேயும் சரியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் மிச்சம்: பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. வண்டிக்கு அடியில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் கீழ்ப்பகுதியைத் துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுத்து, நீர்த்து, புகை வாசனையோடு இருக்கும். கியர் ஆயில் பிசுபிசுப்பாக, கந்தக நெடியோடு இருக்கும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. முதலாவது என்றால் கிராங்க் ஷாஃப்டின் (இன்ஜினின் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. இரண்டாவது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் ஏறியிருக்கும் தண்டு) சீல். கசிகிற சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் சீக்கிரமே நனைந்துபோகும்.

கியர் விழவில்லை என்றால்

ரிவர்ஸில் சோதியுங்கள். மாருதி 800இன் முன் கியர்களுக்கு சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திப் பல் அரைக்காமல் விழவைக்கும் அமைப்பு) உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது; அதனால் ரிவர்ஸ் உண்மையைச் சொல்லிவிடும். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து, பத்துவரை நிதானமாக எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அந்த நேரத்துக்குள் பிளேட் சுற்றுவது நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரவென்று பல் அரைத்தால் பிளேட் விடுபடவில்லை. பிளே, கேபிள் இரண்டையும் முதலில் பாருங்கள். அவை சரி என்றால் பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது பிளேட் ஏறி நகரும் ஷாஃப்ட் பற்களில் துரு இருக்கலாம். ரிவர்ஸ் சுத்தமாக விழுகிறது, இரண்டாவது கியர் மட்டும் அரைக்கிறது என்றால் அது கியர்பாக்ஸ் கோளாறு. கிளட்ச் மாற்றித் தீராது.

மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஆளில்லாத திறந்த மைதானத்தில் டாப் கியர் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரத் தொடங்கும். கிளட்சை விடாமல் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பல சமயம் ஒட்டு விட்டுவிடும். இரண்டு மூன்று முயற்சியில் விடவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்; பிரிக்கத்தான் வேண்டும்.

சத்தமும் உதறலும்

நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ரேடியோவை அணைத்துக் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கிர்ரென்ற சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் நின்று, விட்டதும் திரும்ப வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். இது சிறிய வித்தியாசம்போலத் தோன்றும். செலவில் பெரிய வித்தியாசம்.

முதல் கியரில் வண்டி கிளம்பும்போது உதறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜின் மவுண்டிங். பானட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, கிளட்ச் லேசாகப் பிடிக்கிற இடம்வரை விட்டுவிட்டு நிறுத்துங்கள். ரிவர்ஸிலும் அதேபோல். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பார்க்க வேண்டும், முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. மவுண்டிங் நன்றாக இருந்தால் பிளேட்டில் எண்ணெய், அல்லது பிளைவீல் சூட்டில் புள்ளி புள்ளியாக நீலம் பாய்ந்திருக்கிறது.

கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெடல் தரைக்குப் போய்விட்டு, பம்ப் செய்தால் திரும்ப வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் வாஷர் போயிருக்கிறது. டப்பாவில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் தண்டு ஈரமாக இருக்கிறதா, கியர்பாக்ஸ் பக்கம் சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியில் எழுதியிருக்கும் தரத்துப் பிரேக் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். அது பெயின்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இறக்கியே ஆக வேண்டும் என்றால்

இதைத் தனியாளாக, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளும் உதவிக்கு ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும். பட்டறையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது முதல் வேலை. கியர் ஆயிலை வடித்து, கேபிள், ஒயர்கள், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் எடுத்து, முன் ஆக்சில்களை உருவ வேண்டும். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்த பிறகே கியர்பாக்ஸ் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். வெளியே இழுக்கும்போதும் திரும்ப ஏற்றும்போதும் கியர்பாக்ஸின் கனம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. ஒரு கணம் தொங்கினாலும் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடக்கூடும். புது பிளேட் போட்டும் கியர் அரைக்கிறது என்று வருகிற வண்டிகளில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலைத் தின்னும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பட்டறையில் வேலை பழகும் பையன்கள்மேல் அக்கறை உள்ளவர்கள் இதை வலியுறுத்துங்கள்.

இனி பழைய பாகங்களைப் பார்க்கலாம். லைனிங்கில் பதிந்திருக்கும் ரிவிட் ஆணியின் தலைக்கும் லைனிங்கின் மேற்பரப்புக்கும் உள்ள ஆழம் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பிளேட் முடிந்தது. அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் ஆணித்தலை பிளைவீலில் வட்ட வட்டமாகக் கோடு கிழித்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். அப்படி இருந்தால் பிளைவீலை லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் லேத்துக்கும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல் நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கைக் கையில் பிடித்துச் சுற்றினால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. அதைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும்.

என் முடிவு எப்போதும் ஒன்றுதான்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்துவிட்டு, அது போனதும் மறுபடி கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுப்பதில் அர்த்தமில்லை. சீலில் லேசான ஈரம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பிளேட்டுக்குப் புது லைனிங் அடித்துத் தருகிறோம் என்பார்கள். சமவெளியில் கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அது ஓடலாம். மலை ஏறும் வண்டிக்கு நான் போடுவதில்லை. பிளேட்டின் நடுவில் இருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் பழையவையே, லைனிங் புதிது என்பதால் அவை இறுகிவிடுவதில்லை.

பூட்டும்போது பிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களில் எண்ணெய்க் கை படக்கூடாது. பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பெரும்பாலும் பிளைவீல் பக்கம் எது என்று அதிலேயே பொறித்திருக்கும். ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். நடுத்துளை நேராக நிற்க, சென்டர் செய்யும் கருவியோ பழைய இன்புட் ஷாஃப்டோ செருகிக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிரஷர் பிளேட் கவர் வளையும். ஷாஃப்ட் பற்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். அதிகமானால் சுற்றும் வேகத்தில் தெறித்து லைனிங்கில் விழும். கடைசியில், வடித்த கியர் ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவுக்குப் புதிதாக ஊற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்த அவசரத்தில் இது விட்டுப்போனால் கியர்பாக்ஸே எரிந்துவிடும்.

புது செட்டுக்கு ஏற்பப் பெடல் பிளேயைப் புதிதாக வைக்க வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் மலை ஏற்றமும் பாரமும் வேண்டாம். அதற்குப் பிறகு ஒருமுறை பிளேயை அளந்துவிடுங்கள். ஓட்டும்போது பெடல்மேல் கால் வைத்திருக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் கிளட்சில் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள்.

வழியில் கேபிள் அறுந்துவிட்டால்

மலைப்பாதையில் அறுந்தால் ஓட்ட முயலாதீர்கள். ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து உதவிக்கு அழையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துச் சாலைக்கு வெளியே போடுங்கள். பின்னால் வரும் பைக்காரருக்கு அது எமன்.

சமதளத்தில், நெரிசலில்லாத சாலையில், பக்கத்துப் பட்டறைவரை என்றால் ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்த நிலையில் முதல் கியர் போட்டு, முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு போய் இன்ஜினை எழுப்பிவிடும். வேகம் சற்று ஏறியதும் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு இழுத்து, இன்ஜின் சத்தம் தணிந்ததும் இரண்டாவது கியரை அமுக்காமல் லேசாகத் தள்ளிப் பிடியுங்கள். வேகம் ஒத்துவரும் இடத்தில் தானாக விழும். அதற்கு மேல் கியர் வேண்டாம். நிற்க வேண்டுமென்றால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பிரேக் போடுங்கள். மறுபடி கிளம்ப இன்ஜினை அணைத்துவிட்டு முதலிலிருந்து. ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் இது கடுமையான வேலை, இரண்டு மூன்று தடவைக்கு மேல் கேட்காதீர்கள். மலைப் பக்கம் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு புதுக் கேபிளை வாங்கி, வளைக்காமல் பெரிய வட்டமாகச் சுருட்டி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுவையுங்கள். அதோடு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் ஒரு குறடும்.